மடியில் ஒரு ஜோடி ஷூ

மன்னிக்க வேண்டும் சார், இந்தப் பெட்டியை மட்டும் கீழே வைக்கச் சொல்லாதீர்கள். உங்கள் முழங்கையில் இடிக்கிறது, தெரிகிறது. நான் ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொள்கிறேன். உள்ளே ஷூதான் இருக்கிறது. ஆமாம், ஷூ. கண்டக்டரும் கேட்டுவிட்டுத்தான் போனார். "கால்ல போடுறத மடியில வச்சிருக்க, மடியில வைக்கிற பைய கால்ல போட்டிருக்க. படிச்ச புள்ளதான நீ?" என்றார். படித்த பிள்ளைதான். பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்புக்கு ஒன்றரை சதவீதம் குறைவு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் நான்தான்.

இது சாதாரண ஷூ இல்லை சார். சண்டை ஷூ. பிரான்ஸிலிருந்து வந்திருக்கிறது. பாண்டிச்சேரியில் போய் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

சவாத் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையா? பரவாயில்லை, யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுதான் அதில் இருக்கிற நல்ல விஷயம். பிரெஞ்சுக்காரர்களுடைய குத்துச்சண்டை அது. கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம். ஆனால் ஷூ போட்டுக்கொண்டுதான் உதைக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உதைப்பார்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். கராத்தேக்காரன் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு காற்றைக் குத்திவிட்டுக் கத்துவான். காற்று எதையும் திருப்பிச் சொல்லாது, அந்த தைரியம். பாக்ஸிங்காரனுக்குக் கால் என்பது கையைச் சுமந்துகொண்டு போகிற வண்டி, அவ்வளவுதான். தாய்லாந்துக்காரனுடைய தாய் பாக்ஸிங் இருக்கிறதே, அவன் கணுக்காலுக்கு மேலே இருக்கிற எலும்பால் வாழைமரத்தை வெட்டுகிறமாதிரி வெட்டுவான். பலம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மரம் வெட்டுகிறவனுக்கும்தான் பலம் உண்டு. நம்ம ஊர் குத்துவரிசையில் மண்ணுக்கு ஒரு வணக்கம், வாத்தியாருக்கு ஒரு வணக்கம், நாலு திசைக்கும் வணக்கம், எதிராளிக்கு வணக்கம். எல்லா வணக்கமும் முடிவதற்குள் எதிராளிக்கு வயதாகிவிடும். சண்டைக்கு வந்த இடத்தில் இத்தனை கும்பிடு எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சவாத் அப்படி இல்லை. நாகரிகமான விளையாட்டு. முட்டியை முதலில் தூக்க வேண்டும், அப்புறம் ஷூ நுனியைச் சாட்டை மாதிரி விசிற வேண்டும். அது ஃபுவெத்தே. முட்டியை நெஞ்சுவரை மடக்கிக் குதிகாலால் தள்ளினால் ஷாசே. எலும்பு படக்கூடாது, முட்டி படக்கூடாது, முழங்கை படவே கூடாது. ஷூ மட்டும்தான் பட வேண்டும். நாங்கள் ஆடுகிற வகையில் பலமாக அடித்தால் தப்பு. சுத்தமாகத் தொட்டால் போதும். தொடைக்கு ஒரு மதிப்பு, வயிற்றுக்கு ஒரு மதிப்பு, தலைக்குத்தான் அதிகம். எதிராளியின் தலையை ஷூவால் லேசாகத் தொட்டுவிட்டு வர வேண்டும். அதுதான் கலை.

சவாத் என்றால் பிரெஞ்சில் பிஞ்ச செருப்பு என்று அர்த்தமாம். இதை நான் அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "பிஞ்ச செருப்பால அடி வாங்குறதுக்கா காலேஜி அனுப்புனேன்? அதுக்கு மில்லுக்கு வந்திருந்தாலே போதுமே" என்றார். அப்பாவுக்கு ஒரு ரைஸ் மில்லில் வேலை, முப்பது வருஷமாக. மூட்டை தூக்குவார், களத்தில் நெல் காயவைப்பார். தங்கராசு என்றால் மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் சேர்ந்தேன் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காகத்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஆள் எடுப்பதாகக் காலேஜ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தேசியப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் இருந்தால் போதும், ஜெயித்திருக்கக்கூட வேண்டாம். நான் ஒரு நோட்டில் எல்லா விளையாட்டையும் எழுதினேன். கபடிக்கு ஊருக்கு நூறு பேர். பாக்ஸிங்கில் என் எடைக்கு மாநிலத்தில் நாற்பது பேர். கடைசியில் இந்த சவாத். ஐம்பத்தாறு கிலோவுக்குக் கீழே மாநிலம் முழுக்க இரண்டே பேர். அதில் ஒருவன் கனடா போய்விட்டான், இன்னொருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாநிலத்தில் முதலிடம் வந்தால் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஆளே இல்லாத இடத்தில் முதலிடம் வருவது கஷ்டமா சொல்லுங்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில்தான் வகுப்பு. எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் தமிழ்நாட்டு மாநில சங்கத்தில் பதிவு செய்துகொண்டு பயிற்சிக்கு மட்டும் அங்கே போவோம். பெலிக்ஸ் மாஸ்டர் சொல்லிக்கொடுப்பார். மாஸ்டர் என்றால் வயதானவர் என்று நினைக்காதீர்கள், முப்பத்து மூன்று வயது. பிரான்ஸில் லியோன் நகரத்தில் மாமா வீட்டில் எட்டு மாதம் இருந்து கற்றுக்கொண்டு வந்தவர். "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டுவார், கோபம் வந்தால் மட்டும் முத்தியால்பேட்டைத் தமிழுக்கு வந்துவிடுவார். முதல் நாள் என் காலைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, எங்க கத்துக்கிட்ட இந்தக் கால் வேலய?" என்று கேட்டார். எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளி லீவில் அப்பாவோடு மில் களத்துக்குப் போவேன். காய்கிற நெல்லைக் காலால்தான் கிண்டிவிடுவோம், பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வரிசை வரிசையாக. வெறுங்கால்தான். களத்தில் செருப்பு கூடாது, நெல் லட்சுமி இல்லையா? மில் முதலாளி வீட்டுப் பையன் மட்டும் அதன்மேல் பைக் ஓட்டிப் பழகுவான். ரப்பர் டயருக்கு தோஷம் இல்லை என்று சொல்வார்கள்.

என் கால் ஏழாம் நம்பர். மாஸ்டரிடம் ஏழில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, யாரோ போட்டுத் தேய்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் ஆறு மாதத்தில் நன்றாகவே வந்தேன் சார். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் மெர்லின் என்று ஒரு பெண் இருந்தாள். ஐந்து வருஷம் தாய் பாக்ஸிங் ஆடிவிட்டு வந்தவள், வாய் அதைவிட வேகம். அவள் தலையில் ஒரே பயிற்சியில் நாலு தடவை ஷூவால் தொட்டிருக்கிறேன். பெலிக்ஸ் மாஸ்டர் வயிற்றில் ஷாசே வைத்து அவரைச் சுவரில் சாய வைத்திருக்கிறேன். ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு ஏறினார், ஆறடி. அவர் காதில் ஃபுவெத்தே வைத்தேன். "பிராவோ" என்றார். எனக்கு எதற்கும் கை நடுங்கியதில்லை.

ஏழாவது மாதம்தான் சின்னவர் வந்தார்.

சின்னவர் என்றால் நான் சொன்னேனே, மில் முதலாளி மகன். ரகுநந்தன் என்று பேர். முதலாளியைப் பெரியவர் என்போம், இவரைச் சின்னவர் என்போம். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அவ்வளவுதான். தாய்லாந்துக்கே போய் மூன்று வாரம் தாய் பாக்ஸிங் படித்துவிட்டு வந்தவர். மாடிப்படி ஏறி வந்ததும் என்னைப் பார்த்து, "டேய், நம்ம தங்கராசு பையன்தான நீ! குணா! மாஸ்டர், இவன் நம்ம பையன்" என்றார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா? அத்தனை பேர் நடுவில். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மரியாதையாக இருந்தது.

"என்ன எடை ஆடுற?" என்று கேட்டார்.

"அம்பத்தாறுங்க."

"அட, அதுலயே நானும் வரலாமே. அறுபத்திரண்டு இருக்கேன். சோறு நிறுத்துனா வந்துரும்."

ரைஸ் மில் முதலாளி மகன் சோற்றை நிறுத்திவிட்டார் சார். ஒன்றரை மாதத்தில் ஐம்பத்தைந்தரை. அவருக்கு வேலை வேண்டியதில்லை, சான்றிதழ் வேண்டியதில்லை. மில் பேரில் புதிதாக ஒரு அரிசி போடப்போகிறார்கள், அதன் விளம்பரத்துக்கு ஒரு சாம்பியன் தேவைப்பட்டார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரவருக்கு அவரவர் தேவை.

அவரோடு முதல் தடவை பயிற்சி. நான் சாதாரணமாக ஒரு ஃபுவெத்தே வைத்தேன், தொடையில். ஷூ பட்டது. பட்டதும் என் கை தானாகக் கீழே போய் அவர் தொடையைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டது. க்ளவுஸோடு. நம் ஊரில் யார்மேலாவது கால் பட்டுவிட்டால் செய்வோம் இல்லையா, அதுதான். அனிச்சை. தும்மல் மாதிரி. நான் என்ன செய்ய முடியும்? அதற்குள் சின்னவர் என் காதில் ஒன்று கொடுத்துவிட்டார்.

மாஸ்டர், "என்னப்பா அது?" என்றார். பழக்கம் மாஸ்டர் என்றேன். அடுத்த உதைக்கும் அதேதான். அடுத்ததற்கும். அன்றைக்கு இருபத்தெட்டு தடவை தொட்டுக் கும்பிட்டதாக மெர்லின் எண்ணிச் சொன்னாள். "நீ ஒதைக்க வந்தியா, சாமி கும்பிட வந்தியா? ஒரு தட்டும் கற்பூரமும் எடுத்தாந்து தரவா?" என்றாள். சின்னவர் கோபப்படவில்லை, சிரித்தார். "விடுங்க, நல்ல வளர்ப்பு" என்றார். பாருங்கள், அவருக்குப் புரிந்தது.

தமிழனாகப் பிறந்த யாருக்கும் இது வரும் சார். பிரெஞ்சுக்காரனுக்கு வராது. அதனால்தான் அவனால் இப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது.

என்ன கேட்டீர்கள்? மெர்லினை உதைத்தபோது கும்பிட்டேனா என்றா? இல்லை. மாஸ்டரை? இல்லை. வெள்ளைக்காரரை? அது வேறு சார். அவர்களெல்லாம் பழகினவர்கள். வெள்ளைக்காரர் பழகினவர் இல்லைதான். ஆனால் அது வேறு. மெர்லினும் இதையேதான் ஒரு நாள் கேட்டாள். "என்ன எட்டு மாசமா ஒதைக்கிறியே, ஒரு தடவையாச்சும் தொட்டுக் கும்பிட்டிருக்கியா?" என்று. எனக்குச் சுருக்கென்றது. பாவம், ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தேன். மறுநாள் அவள் தோளில் ஷூ பட்டதும் நினைவாகத் தொட்டுக் கும்பிட்டேன். மூக்கிலேயே குத்திவிட்டாள். சில பேரை எப்படித்தான் திருப்திப்படுத்துவது?

நானும் சும்மா இருக்கவில்லை. பழக்கத்தை விடுவதற்காக வீட்டில் நெல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு உதைத்தேன். ஒரு நாளைக்கு முந்நூறு ஃபுவெத்தே, தலை உயரத்துக்கு. மூட்டையில் மில் பேர் எழுதியிருக்கும். அதையும் தொட்டுக் கும்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் இல்லையா. அது நியாயம்தானே.

இதற்கு நடுவில் நான் சின்னவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று மெர்லின் ஒரு பேச்சு பேசினாள். யாரும் என்னைத் தூக்கச் சொல்லவில்லை சார். நானாகத்தான் தூக்கினேன். க்ளவுஸ் மாட்டிக்கொண்டால் ஷூ கயிற்றைத் தன் கையால் கட்ட முடியாது, பக்கத்தில் இருப்பவர் கட்டிவிட வேண்டும். அது விளையாட்டின் வழக்கம். நான் அவருக்குக் கட்டிவிடுவேன். என்னுடையதை நான் க்ளவுஸ் மாட்டுவதற்கு முன்பே இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொள்வேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று.

மாநிலப் போட்டி வந்தது. எங்கள் எடையில் நாங்கள் இரண்டு பேர்தான். நேராக இறுதி. ஜெயித்தவர் தேசியப் போட்டிக்கு, நான் ஜெயித்தால் எனக்கு அதன்பிறகு வேலை. தோற்றால் வெள்ளிப் பதக்கம். அந்த நிறுவனத்தில் வெள்ளிக்கு என்ன மதிப்பு என்று போன் செய்து கேட்டேன். "மாநில வெள்ளியா? வீட்ல மாட்டிக்கலாம் தம்பி" என்றார்கள். வயது வரம்புக்கும் எனக்கு அந்த ஒரு வருஷம்தான் மிச்சம்.

பெரியவர் மில்லுக்கு அரை நாள் லீவு விட்டு, இருபது பேரை வேனில் அனுப்பியிருந்தார், சின்னவருக்குக் கைதட்ட. அப்பாவும் வந்திருந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சின்னவருடைய மூலையில் நின்றார், இருபது லிட்டர் தண்ணீர் கேனை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு. அவர்கள் வேனில் வந்துவிட்டு வேறு எங்கே நிற்க முடியும்? நான் சவாத் ஆட்டத்துக்குப் போடுகிற, மேலும் கீழும் ஒட்டின ஒரே துணி உடுப்பில் நின்றேன். அப்பா அதைப் பார்த்து, "என்னடா இது, சர்க்கஸ்காரன் மாதிரி" என்றார். அப்புறம் பக்கத்தில் வந்து காதோடு, "ஜெயிச்சிருடா" என்றார். இரண்டு அடி போனார். திரும்பி வந்தார். "மூஞ்சியில மட்டும் வேணாம்" என்றார்.

அதுவும் நியாயம்தானே சார்.

மூன்று சுற்று. மூன்று எச்சரிக்கை வாங்கினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். முதல் சுற்றில் சின்னவர் பழைய ஞாபகத்தில் கால் எலும்பால் இரண்டு தடவை வெட்டினார், வாழைமரம் மாதிரி. இரண்டு எச்சரிக்கை. நான் ஷூவால் சுத்தமாகத் தொடையில் ஆறு, வயிற்றில் நாலு. பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கீழே விடாமல் இருந்தேன். ஆனால் கடைசி உதைக்குக் கை கீழே போய்விட்டது. தொடையைத் தொட்டேன். காலைப் பிடிக்கிறேன் என்று நடுவர் எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்.

இரண்டாவது சுற்றில் தொட்டுவிட்டுக் கண்ணில் ஒற்றினேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். எனக்குக் கண்ணில் அடி என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்ணுல ஒண்ணும் இல்லையே. என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல சார். கும்பிட்டேன்."

"யார?"

நான் காட்டினேன். டாக்டர் சின்னவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார். "இது என் டிபார்ட்மென்ட் இல்ல" என்று நடுவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நேரத்தை வீணாக்கியதாக இரண்டாவது எச்சரிக்கை.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் மாஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "புள்ளி சமமா இருக்குப்பா. தலைக்குப் போ! ஒரே ஒரு தடவ போ!" மெர்லின் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "மூஞ்சி காலியா கெடக்கு, கை கீழ தொங்குது. உனக்குத் தெரியல?" என்றாள். எனக்குத் தெரிந்தது. முதல் சுற்றிலிருந்தே தெரிந்தது. சின்னவருக்கு இடது கை தாழ்ந்துவிடும். எனக்கு அது பயிற்சியிலிருந்தே தெரியும். சொல்லித் திருத்தலாம் என்று இருந்தேன், மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

இருபத்தைந்து வினாடி மிச்சம். அவர் கை தாழ்ந்தது. நான் முட்டியைத் தூக்கினேன். நான் தூக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த முந்நூறு முந்நூறும் சேர்ந்து தூக்கியது. ஷூ விசிறிக்கொண்டு போய் அவர் கன்னத்தில் தொட்டுவிட்டு வந்தது. அவ்வளவு லேசாக, அவ்வளவு சுத்தமாக. சத்தம்கூட ஒரு பக்கத்தைத் திருப்புகிற சத்தம்தான். அவர் கன்னத்தில் என் ஷூவின் வெள்ளைத் தூசி ஒரு பிறை மாதிரி நின்றது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல உதை ஒன்று நான் உதைக்கப்போவதில்லை.

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. மில்லிலிருந்து வந்த இருபது பேரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் ஒரு கைதட்டல் கேட்டது சார். ஒரே ஒரு ஆள். நாலைந்து தட்டு, பலமாக. சின்னவர் மூலைப் பக்கத்திலிருந்துதான் வந்தது. யார் என்று பெரியவர் மறுநாள் மில்லில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டாராம். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நான் அப்பாவைப் பார்த்தேன். தண்ணீர் கேன் தரையில் உருண்டு கிடந்தது, காலைச் சுற்றித் தண்ணீர். பாவம், என் உதையைப் பார்த்துப் பயத்தில் கேனைக் கீழே போட்டுவிட்டார். இரண்டு கையும் வெறுமனே நெஞ்சுக்கு நேரே இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் தொட்டுக் கும்பிட முடியாதே. அதனால் குனிந்து காலைத் தொட்டேன். சின்னவர் காலை. இரண்டு கையாலும்.

சில பேர் விழுந்தேன் என்று சொல்கிறார்கள். விழவில்லை சார். குனிந்தேன்.

நடுவர் மூன்றாவது எச்சரிக்கையைத் தூக்கினார். அவ்வளவுதான்.

சின்னவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "ஏன்டா குணா? நான் தோத்துட்டேன்டா. முடிஞ்சிருச்சி. எதுக்குடா?" என்றார். பெரிய மனது. "மன்னிச்சிருங்க சின்னவரே, தெரியாம பட்டுருச்சி" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. மரியாதைக்குச் சொல்வது பொய்யில் சேராது. மெர்லின் தண்ணீர் பாட்டிலை என்மேல் வீசிவிட்டுப் போனாள். அவள் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அப்பாவும் அவ்வளவாகப் பேசுவதில்லை. முகத்தில் வேண்டாம் என்று சொல்லியும் உதைத்துவிட்டேனே, அந்தக் கோபம் போகவில்லை அவருக்கு. பெரியவர்கள் சொல்வதைக் கேட்காவிட்டால் இப்படித்தான்.

சின்னவர் தேசியப் போட்டிக்குப் போனார். வடக்கிலிருந்து வந்த ஒரு பையன் முதல் சுற்றிலேயே அவர் தலையில் ஒன்பது தடவை தொட்டானாம். அவன் குனியவில்லை, அவனுக்கு அந்த வளர்ப்பு இல்லை. அதனால் என்ன? மாநிலத் தங்கம் தங்கம்தானே. மில்லின் புது அரிசி வந்துவிட்டது, கடையில் பார்த்திருப்பீர்கள். சாக்கில் சின்னவர் ஃபுவெத்தே உதைக்கிற படம். அந்தப் படத்துக்கு அவர் கால் அவ்வளவு உயரம் எழவில்லை. நான்தான் கீழே உட்கார்ந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டேன், என்னை அப்புறம் அழித்துவிட்டார்கள். அருமையாக வந்திருக்கிறது. அப்பா அந்த மூட்டையைத்தான் இப்போது தூக்குகிறார். மூட்டை முதுகில் ஏறும்போது படத்தில் இருக்கிற ஷூ சரியாக அப்பாவின் பிடரிக்கு வருகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. சாக்கின் அளவு அப்படி.

எனக்கு வேலையா? கிடைத்துவிட்டதே. மில்லுக்குப் பின்னால் சின்னவர் ஒரு பயிற்சிக்கூடம் கட்டியிருக்கிறார். அதில் நான் தொழில்நுட்ப உதவியாளர். அடையாள அட்டைகூட உண்டு. தினமும் காலையில் அவர் என்னை உதைத்துப் பழகுவார். நான் திருப்பி உதைக்க வேண்டியதில்லை, அதனால் அந்தக் கும்பிடு பிரச்சினையும் இப்போது இல்லை. வேலை கிடைத்ததைச் சொன்ன அன்று அப்பா தட்டில் கைவைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். சந்தோஷத்தில் சில பேருக்குச் சாப்பாடு இறங்காது.

என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், பெட்டியில் ஒன்பது என்றுதான் போட்டிருக்கிறது. எனக்கு ஏழுதான், சரியாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். இது சின்னவருடையது. புதிது, இன்னும் கால் படவில்லை. அதை எப்படி சார் தரையில் வைப்பது? என்னுடையது பையில் இருக்கிறது, கீழே, உங்கள் காலடியில். அது ஒன்றும் ஆகாது.

வளவனூர் வந்துவிட்டது. கொஞ்சம் வழி விடுங்கள், நான் இறங்க வேண்டும். பையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன். ஐயோ, உங்கள் காலை மிதித்துவிட்டேனா? வலிக்கிறதா? தொட்டுக் கும்பிட்டிருப்பேன் சார். பார்க்கிறீர்களே, கை காலியாக இல்லை.